நிற்கும் கார் ஏன் உறுமுகிறது?

சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குக்காக ஒரு கார் நிற்கிறது. ஓட்டுநரின் கால் பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் எஞ்சின் திடீரென உறுமுகிறது, அடங்குகிறது, மீண்டும் உறுமுகிறது. இது இயல்பா, கோளாறா?

எஞ்சின் மூடியைத் திறக்காமலேயே பாதி விடையைக் கண்டுபிடித்துவிடலாம், மாணவர்களே. பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே வேலைதான்: ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள், மற்றவற்றை அப்படியே வைத்திருங்கள், என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

காற்றுதான் கடிவாளம்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் கொட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் காரில் அந்த மிதி திறப்பது காற்றுக்கான கதவை. அதன் பெயர் த்ராட்டில் வால்வு. உள்ளே வரும் காற்றைக் காரின் கணினி அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கச் சொல்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும்.

கார் நிற்கும்போது அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே நுழையும் சிறிதளவு காற்றால் கிடைக்கும் திருப்புவிசை, உராய்வையும் குளிர்சாதனம் போன்ற சுமைகளையும் சரியாக ஈடுகட்டும். நிகர விசை சுழி என்றால் வேகம் மாறாது என்று நியூட்டன் விதியில் படித்திருப்பீர்கள். சுழற்சிக்கும் அதே விதிதான்.

ஆகவே, சுழற்சி கூடினால் காரணம் இரண்டில் ஒன்று: காற்று கூடியிருக்கிறது, அல்லது சுமை குறைந்திருக்கிறது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒலியை எண்ணாக்குவோம்

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிற்கும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 750 முறை சுற்றினால், நொடிக்கு 12.5 சுற்று, 25 வெடிப்பு. அதாவது 25 ஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் எல்லையின் அடிமட்டம் ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்த முனகலைக் காது கேட்பதைவிட இருக்கையில் முதுகு நன்றாக உணர்கிறது. சுழற்சி 1,500 ஆனால் ஒலி 50 ஹெர்ட்ஸ் ஆகும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஹெர்ட்ஸை 30ஆல் பெருக்கினால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். மூன்று சிலிண்டருக்கு எத்தனையால் பெருக்க வேண்டும்? நீங்களே கணக்கிடுங்கள்.

பயப்பட வேண்டாத உறுமல்கள்

முதலாவது, காலையில் வண்டியை எடுக்கும்போது வருவது. சுழற்சி 1,200 அல்லது அதற்கும் மேலே நிற்கும். குளிரே இல்லாத சிங்கப்பூரில் இது எதற்கு? காலை வெப்பநிலை 27 பாகை என்றாலும், 90 பாகை அளவில் வேலை செய்யும் எஞ்சினுக்கு அது குளிர்தான். புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியும் ஏறத்தாழ 300 பாகையை எட்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்கவே கணினி சுழற்சியைக் கூட்டுகிறது. ஓரிரு நிமிடத்தில் தானாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, குளிர்சாதனம். அதன் கம்பிரசரைப் பல கார்களில் எஞ்சினே சுற்றுகிறது. சுமை கூடியதும் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க, கணினி கூடுதல் காற்றை விடுகிறது. கம்பிரசர் ஓடி நின்று ஓடும்போது ஒலியும் சற்று ஏறி இறங்கும்.

மூன்றாவது, ஹைபிரிட் கார்கள். மின்கலம் இறங்கியதும், கார் நின்றுகொண்டிருந்தாலும் எஞ்சின் தானே கிளம்பி மின்னூட்டம் செய்யும்.

கவனிக்க வேண்டிய உறுமல்கள்

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், குளிர்சாதனத்தை அணைத்த பிறகும் சுழற்சி உயர்ந்தே இருக்கிறதா? அழைக்காத காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. வெப்பத்தில் காய்ந்து வெடித்த ரப்பர்க் குழாயாக இருக்கலாம். அப்போது மெல்லிய ‘உஸ்’ ஒலியும் கேட்கக்கூடும். கரி படிந்து முழுதும் மூடாத த்ராட்டில் வால்வாகவும் இருக்கலாம். மிதியே சிக்கியிருக்கலாம்.

சுழற்சி தாளம் போட்டதுபோல் ஏறி இறங்குகிறதா? குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருகுவதை நினைத்துப் பாருங்கள். சூடு போதவில்லை என்று திருகுகிறோம். தண்ணீர் வந்துசேரத் தாமதம் ஆகிறது. மேலும் திருகுகிறோம். திடீரெனக் கொதிநீர்! உடனே எதிர்ப்பக்கம் திருகுகிறோம். காற்றுக் கசிவோ, அழுக்கேறிய உணர்வியோ தவறான தகவல் தரும்போது கணினியும் இப்படித்தான் கூட்டிக் குறைத்துத் தடுமாறுகிறது.

ஓடும்போது சுழற்சி மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் ஏற்றத்தில் முள் 2,500இலிருந்து 4,000க்குத் தாவியும் கார் அதே வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பிடி வழுக்கியிருக்கலாம். அப்போது சுமை முழுவதும் எஞ்சினை எட்டாது. வீணாகும் ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. ஆனால் தானியங்கி கியர் கீழே இறங்கும்போதும் முள் தாவும். பற்சக்கரத்துக்குப் பதில் பட்டையால் இயங்கும் கியர்பெட்டியிலும் அழுத்தி மிதித்தால் ஒலி முந்திக்கொள்ளும். அதனால் சமதளத்தில், சீரான வேகத்தில் சோதித்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

எளிய காரணத்தை ஒதுக்காதீர்கள்

2009 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் விரைந்து மோதியதில் நால்வர் இறந்தனர். அந்தக் காருக்குப் பொருந்தாத கால்விரிப்பில் ஆக்சிலரேட்டர் மிதி சிக்கியிருந்தது. தொடர்ந்து டொயோட்டா நிறுவனம் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மின்னணுக் கோளாறுதான் காரணமோ என்ற சந்தேகம் பரவியதால், விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியாளர்களிடமே ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் வெளியான முடிவு: த்ராட்டிலை ஆபத்தான அளவுக்குத் தானாகத் திறக்கும் மின்னணுக் கோளாறு எதையும் அவர்கள் காணவில்லை. மிதி கால்விரிப்பில் சிக்குவதும், மிதியே ஒட்டிக்கொள்வதும் ஏற்கெனவே தெரிந்த இரு காரணங்கள்.

உங்கள் வீட்டுக் காரில் ஓட்டுநர் பக்கத்துக் கால்விரிப்பு நழுவாமல் கொக்கியில் மாட்டியிருக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிடக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மிதி சிக்கினால் ஓட்டுநர் செய்ய வேண்டியது இதுதான்: பிரேக்கை ஒரே அழுத்தாக, விடாமல் அழுத்த வேண்டும். விட்டுவிட்டு அழுத்தக்கூடாது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக்குக்குத் துணைசெய்வது எஞ்சினின் காற்றுக்குழாயில் உள்ள தாழ்ந்த அழுத்தம். த்ராட்டில் அகலத் திறந்திருக்கும்போது அந்தத் தாழ்ந்த அழுத்தம் கிடைக்காது; சேமிப்பில் இருப்பதும் ஒவ்வோர் அழுத்தலிலும் கரையும். அடுத்து கியரை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் அலறும்; அலறட்டும். கார் ஓரமாக நின்ற பிறகு எஞ்சினை அணைக்கலாம்.

பட்டறையில் என்ன சொல்வது?

“சார், ஏதோ சத்தம் வருது” என்று சொன்னால் மெக்கானிக் ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க நேரலாம். செலவு உங்கள் பெற்றோருக்கு. “சூடான பிறகுதான் வருகிறது, நியூட்ரலில் 1,300, குளிர்சாதனத்தை அணைத்தாலும் குறையவில்லை” என்று சொன்னால், சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ எந்தப் பட்டறையிலும் அவர் நேராகக் காற்றுக் கசிவைத் தேடத் தொடங்குவார்.

இந்த வாரம் காரில் போகும்போது பயணி இருக்கையிலிருந்து சுழற்சிமானியைப் பாருங்கள். கிளம்பியதும் ஒருமுறை, பத்து நிமிடம் கழித்துச் சிவப்பு விளக்கில் ஒருமுறை, குளிர்சாதனத்தை அணைத்து ஒருமுறை என மூன்று அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காற்றா, சுமையா காரணம் என்று எழுதுங்கள். இதற்காகக் காரை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட வேண்டாம். அது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். மூடிய வாகன நிறுத்துமிடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.