பழைய பைத்தானை நீக்கலாமா?

என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருக்கிறது. கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு பைத்தான் 3.12 கேட்கிறார்கள். இருக்கும் 3.10-ஐ நீக்கிவிட்டுப் போடலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

கை வைக்காதீர்கள்! அந்த 3.10 உங்களுக்காக மட்டும் வைத்ததல்ல. உபுண்டுவின் பல கருவிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதை நீக்கினால் டெஸ்க்டாப்பும் கூடவே கிளம்பிவிடும். நீக்காமல் ‘பைத்தான்3’ என்ற கட்டளையை மட்டும் 3.12 பக்கம் திருப்பினாலும், டெர்மினல் திறக்காமல் முரண்டு பிடிக்கும்.

உங்கள் ஊர் துய்மா வீதிப் பலகையில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருப்பதுபோல இரண்டும் இருக்கட்டும். ‘டெட்ஸ்நேக்ஸ்’ என்ற பிபிஏவை (கூடுதல் பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்து, அதிலிருந்து 3.12-ஐயும் அதற்குரிய ‘வீஎன்வி’ (ப்ராஜெக்ட்டுக்கான தனிச் சூழல்) பேக்கேஜையும் நிறுவுங்கள். பிறகு ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் 3.12-ஐக் கொண்டு ஒரு வீஎன்வி உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்த பிறகே ‘பிப்’ மூலம் லைப்ரரிகளைப் போடுங்கள். பிப்புக்கு முன்னால் ‘சூடோ’ வேண்டவே வேண்டாம். ஏதாவது சொதப்பினால் அந்த வீஎன்வி ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம். சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

எப்படியும் உபுண்டு 24.04-க்கு மாறப்போகிறீர்கள் என்றால் பிபிஏ சேர்க்கும் வேலை மிச்சம். அதில் 3.12 கூடவே வருகிறது.