கடைக் கணனி உயிர் பெறாவிட்டால்...

காலையில் கடையைத் திறந்து கணனியின் பட்டனை அழுத்துகிறீர்கள். விளக்கும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை. "கடன் கணக்கெல்லாம் போய்விட்டதே" என்ற பயம்தான் எமது வியாபாரிகளுக்கு முதலில் வருகிறது. அந்தப் பயத்திலேயே பலர் வீண் செலவுக்கு ஆளாகின்றனர். கணக்குகள் இருப்பது ஹாட் டிஸ்க்கில். கோளாறோ பெரும்பாலும் பவர் சப்ளையில் அல்லது அதற்கும் முன்னால். கல்லாப்பெட்டியின் பூட்டு இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் காசு காணாமற் போவதில்லை அல்லவா?

சுவரிலிருந்து புறப்பட்ட மின்சாரம் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று தேடுவதே முழு வேலையும். முதலில் அதே சுவர்ப் பிளக்கில் போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கானால் அதற்குள்ளேயே ஒரு பியூஸ் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. யூ.பி.எஸ். இருந்தால் அதை விட்டுவிட்டு நேரே சுவரில் கொடுங்கள். பற்றரி செத்த யூ.பி.எஸ். கணனியையும் எழவிடாது. மொனிட்டரின் வயரும் கணனியின் வயரும் பெரும்பாலும் ஒரே வகை; மாற்றி மாட்டினால் வயரின் குற்றமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெட்டியின் பின்புறம் சிறிய சுவிட்ச் ஒன்றுண்டு. கூட்டித் துடைக்கும்போது கை பட்டு அது அணைந்திருப்பதைப் பல கடைகளில் கண்டிருக்கிறேன். பழைய பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய இன்னொரு சுவிட்ச்சும் இருக்கும். எமது நாட்டுக்கு 230. சோதித்துப் பார்ப்போமே என்று 115இன் பக்கம் தள்ளினால் பவர் சப்ளை எரிந்துவிடும்.

இவையெல்லாம் சரியென்றால், வயரைக் கழற்றிவிட்டுப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் மாட்டிப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் முரண்டு பிடிக்கும் சில கணனிகள் இதிலேயே எழுந்துவிடும்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றால் உள்ளே எங்கோ ஷோட் இருக்கலாம். விசிறி ஓடியும் திரையில் படம் வராவிட்டால் அது வேறு நோய். பவர் சப்ளைப் பெட்டியை மாத்திரம் யாரும் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பின்னும் ஆபத்தான மின்சாரம் அதற்குள் தங்கியிருக்கும்.

திருத்துபவரிடம் கொண்டு போனால், நன்றாக இயங்கும் வேறொரு பவர் சப்ளையை உங்கள் கண் முன்னாலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு துணி வியாபாரியிடம் "மதர்போட் போய்விட்டது, புதுக் கணனிதான்" என்றார்கள். அவர் இதைக் கேட்டு வற்புறுத்தினார். பவர் சப்ளையை மாற்றியதும் பழைய கணனி எழுந்தது. "போமட் பண்ணித் தரவா?" என்று கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். மின்சாரக் கோளாறுக்கும் போமட்டுக்கும் சம்பந்தமே இல்லை. முடிந்தால் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுங்கள். அதில் இருப்பது பிறருடைய கொடுக்கல் வாங்கல், ஓர் அமானிதம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமான சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் பவர் சப்ளைக்கு ஆகாது. மின்சாரம் நின்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து சில நிமிடங்கள் கழித்து மாட்டுவது நல்லது. இடி மின்னலின்போதும் அப்படியே. மின்னல் தாக்கினால் ஹாட் டிஸ்க்கும் தப்பாமல் போகலாம். ஆகவே வாரம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

புதிய விண்டோஸ் கணனி வாங்கியவர்களுக்கு இன்னொரு விடயம். சிலவற்றில் ஹாட் டிஸ்க் பிட்லொக்கர் என்ற பூட்டுடன் வருகிறது. அதைக் கழற்றி வேறு கணனியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கணனி இயங்கும்போதே அந்த எண்ணை எடுத்து, கடை உறுதியோடு சேர்த்து வையுங்கள்.