ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாயா? அக்கா சொல்லும் ஏழு டிப்ஸ்

இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.ஈ.க்கு ஸ்பானிஷ் எடுத்துவிட்டு, "வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது, யாரிடம் கேட்பது?" என்று முழிக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இது. கணக்கென்றால் அப்பாவிடம் கேட்கலாம், ஸ்பானிஷுக்கு அது நடக்காது. ஆனால் வீட்டில் பேசும் தமிழே இந்தப் பாடத்துக்கு நன்றாக உதவும். எப்படி என்று சொல்கிறேன்.

1. சோதனை எப்படி என்று முதலில் பார்

புதிய பாடத்திட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கான முதல் சோதனை 2026இல். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தலா 25 சதவீதம். கொப்பியில் எழுதி எழுதிப் பாடமாக்குகிறவர்கள் பாதிப் புள்ளிகள் காதிலும் வாயிலும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பவுண்டேஷன், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. பவுண்டேஷனில் தரம் 5தான் உச்சம், ஹையரில் 9 வரை போகலாம். நான்கையும் ஒரே நிலையில்தான் எழுத வேண்டும். உன்னை எதில் விடப்போகிறார்கள் என்று 10ஆம் ஆண்டிலேயே ரீச்சரிடம் கேள்.

2. சொற்பட்டியலை இறக்கிக்கொள்

ஏ.கியூ.ஏ., எட்எக்செல் போன்ற தேர்வுச் சபைகள் தங்கள் சொற்பட்டியலை இணையத்தில் போட்டிருக்கின்றன. பவுண்டேஷனுக்கு ஏறக்குறைய 1,200 சொற்கள், ஹையருக்கு 1,700. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் படித்தால் ஆறு மாதத்துக்குள் ஒரு சுற்று முடியும். பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதே. 'லா காசா', 'எல் லிப்ரோ' என்று முன்னால் வருவதோடு சேர்த்துப் படித்தால் ஆண்பாலா பெண்பாலா என்று பிறகு தடுமாற வேண்டாம். ஸ்பானிஷைப் பார்த்துப் பொருள் சொன்னால் போதாது. ஸ்பானிஷை மூடிக்கொண்டு நீயே அதை எழுதிப் பார்.

3. இலக்கணத்துக்குத் தமிழைக் கூப்பிடு

'பேசுகிறேன்' என்றால் பேசுவது யார் என்று முடிவிலேயே தெரிகிறது. ஸ்பானிஷிலும் அப்படித்தான்: 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' (நான்) போடத் தேவையில்லை. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் திணறும் 'மே கூஸ்தா'வை 'எனக்குப் பிடிக்கும்' என்று வைத்துக்கொள். 'நீ', 'நீங்கள்' போல 'தூ', 'உஸ்தெத்' இருக்கின்றன. ஆனால் வயது சொல்லும்போது தமிழும் ஆங்கிலமும் கைகொடுக்காது. 'தெங்கோ கின்சே ஆஞோஸ்' (எனக்குப் பதினைந்து வயது) என்று அப்படியே பாடமாக்கு.

4. இரண்டு இறந்தகாலத்தையும் பிரித்துப் பழகு

'நேற்றுக் கடற்கரைக்குப் போனேன்' என்றால் 'ஃபுய்'. 'சின்ன வயதில் ஒவ்வொரு கோடையிலும் போவேன்' என்றால் 'ஈபா'. முடிந்துபோன ஒரு செயலா, அந்தக் காலத்து வழக்கமா என்று உன்னையே கேட்டுவிட்டு எழுது. உயர்ந்த புள்ளி எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

5. சத்தமாக வாசி

பேச்சுச் சோதனையில் ஒரு பகுதியை உரத்து வாசிக்க வேண்டும். ஆங்கில 'ட' வேண்டாம், 'த' என்று நாக்கைப் பல்லில் வை. தலையில் வளைகோடு போட்ட 'ன', நம் 'ஞ'தான். 'எச்' எழுத்துக்குச் சத்தமே இல்லை. ஒற்றை 'ர'வுக்கு நாக்கு ஒரு தட்டு, இரட்டைக்கு நன்றாக உருள வேண்டும். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். போனில் பதிவுசெய்து நீயே கேள். கூச்சமாக இருந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்.

6. சொல்வதெழுதுதலும் உண்டு

கேட்டல் தாளில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பகுதி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், வகுப்பு நண்பர் யாராவது ஐந்து வாக்கியம் வாசிக்கட்டும், நீ எழுது. ஆளில்லையென்றால் பாடப்புத்தக ஒலிப்பதிவு போதும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேள், பிறகு பார்த்துத் திருத்து. 2025 வரை நடந்த சோதனைகளின் பழைய தாள்களில் சொல்வதெழுதுதலும் உரத்து வாசித்தலும் இல்லை. அவற்றை வாசிப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொள். அமைப்பைப் புதிய மாதிரித்தாளில் பார்.

7. எழுதும்போது கேள்வியைக் கோடிட்டுக்கொள்

ஏ.கியூ.ஏ. ஹையர் தாளில் ஏறக்குறைய 90 சொல்லிலும் 150 சொல்லிலும் எழுதச் சொல்வார்கள். கொடுத்த குறிப்புகளில் ஒன்றை விட்டாலும் புள்ளி போகும். கருத்துச் சொன்னால் 'போர்கே' (ஏனென்றால்) போட்டுக் காரணமும் சொல். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது மூன்றும் வரட்டும். வீட்டுப்பாடத்தை மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுக்காதே. சோதனை மண்டபத்தில் அகராதிக்குக்கூட அனுமதியில்லை.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் படிப்பது மொழிக்கு நல்லது. பத்து நிமிடம் சொல், பத்து நிமிடம் கேட்டலும் வாசித்தலும். பேச்சுச் சோதனை மற்றத் தாள்களுக்கு முன்பே, ஏப்ரல் - மே மாதங்களில் வந்துவிடும். அதனால் பேச்சைக் கடைசிக்கு வைக்காதே. இன்றைக்கே பட்டியலை இறக்கி முதல் பத்துச் சொல்லைத் தொடங்கு.