மாசி மாதத்துக் கட்டிங் மேசை

கட்டிங் பக்கம் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். பருத்தி பனியனே பெரும்பாலும் ஓடிய காலத்தில், துணி 'கரண்ட் அடிக்குது' என்ற பேச்சு திருப்பூரில் அரிது. பாலியெஸ்டர் ஸ்போர்ட்ஸ் துணி வந்தபிறகு, ஒன்றோடொன்று ஒட்டும் அடுக்கும் ஓரம் நகர்ந்த பீஸும் அன்றாடத் தொல்லை ஆகிவிட்டன. அளவு தப்பியதென்று டெய்லரைத் திட்டும்முன் மேசையைப் பாருங்கள்.

1. எந்த நூல் என்று கேட்டுவிட்டு ரோலைத் தொடுங்கள். சாதாரணக் காற்றில் பருத்தி தன் காய்ந்த எடைக்குச் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் பிடிப்பது 0.4 சதவீதம்தான். ஈரம் இருக்கும் துணியில் உராய்வில் பிறக்கும் மின்னூட்டம் தானே கசிந்து போகும். பாலியெஸ்டரில் பிறந்த இடத்திலேயே நிற்கும்.

2. சுவரில் ஓர் ஈரமானி மாட்டச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். 55 முதல் 65 சதவீதம் இருந்தால் வேலை சுகமாக ஓடும். தை பிறந்ததும் பிற்பகலில் காற்று காய ஆரம்பிக்கும், மாசி பங்குனியில் இன்னும் மோசம். முள் 40க்குக் கீழே இறங்கினால் பாலியெஸ்டர் விரிப்பதை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள். காலைக் காற்றில் ஈரம் கூடுதல். ஈரம் தெளிக்கும் கருவி வைத்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு, துளி காய்ந்ததும் வெள்ளைப் பொடியாகக் கறுப்புத் துணியில் படியும். ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள். நிட்டிங் மெஷின் பக்கம் ஈரத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் ஊசி துருப்பிடிக்கும்.

3. எர்த் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேசைக்கு எர்த் ஒயர் கொடுத்துவிட்டோம், துணி ஏன் இன்னும் ஒட்டுகிறது என்பார்கள். எர்த் ஒயர் இரும்பில் இருப்பதை இறக்கும், மேசையைத் தொடும் ஆளின் உடம்பில் இருப்பதையும் இறக்கும். பாலியெஸ்டரில் மின்சாரம் ஓடாது. அதனால் துணியில் இருப்பது ஒயர்வரை வந்து சேராது. துணியில் இருப்பதைக் காற்று வழியாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு எளிய வழி, மெல்லிய செம்பு இழைகள் சிலிர்த்து நிற்கும் கயிறு. துணிக்கு ஒரு விரல் தள்ளி, தொடாமல் குறுக்கே கட்டி, அதை எர்த்தோடு இணையுங்கள். கூர்முனைகளுக்குப் பக்கத்துக் காற்று அயனியாகி ஊட்டத்தைச் சமன் செய்யும். இதற்கு மின் இணைப்பு வேண்டாம். துணி ரோலரை விட்டுப் பிரிந்து அந்தரத்தில் ஓடும் இடத்தில் கட்டுங்கள். ரோலர்மேல் படிந்திருக்கும் இடத்தில் கட்டினால் பலன் மிகக் குறைவு. இதையும் மீறித் தொல்லை தருவது ரெய்சிங் செய்த பாலியெஸ்டர் ஃபிளீஸ். அதற்கு மின்சாரத்தில் ஓடும் அயனைசர் பார் வேண்டும், அந்தச் செலவுக்கு யோசிக்கக் கூடாது.

4. ரோலை வெடுக்கென்று உருவாதீர்கள். இரண்டு பரப்பு ஒட்டிப் பிரியும்போதுதான் ஊட்டம் பிறக்கிறது. வேகம் கூடினால் அதுவும் கூடும். லைக்ரா கலந்த துணியை எப்படியும் விரித்து ஆறப்போடுகிறீர்கள். பாலியெஸ்டருக்கும் அந்தப் பொறுமையைக் கொடுங்கள்.

5. கடையில் கிடைக்கும் ஸ்பிரேயை உங்கள் இஷ்டத்துக்கு அடிக்காதீர்கள். கறை விழும், பிரிண்டிங் போகும் பீஸில் மை சரியாகப் பிடிக்காமல் போகலாம். ஆன்டிஸ்டாட்டிக் மருந்து சாயப்பட்டறையில் கடைசிக் குளியலில் ஏற வேண்டியது. ரோல் நம்மிடம் வருவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்குவது மாஸ்டரின் பொறுப்பு.

6. கையில் சுளீரென்று படும்போது உங்கள் உடம்பில் ஏறக்குறைய 3,000 வோல்ட்டாவது இருந்திருக்கும். அதில் உள்ள ஆற்றல் மிகக் குறைவு, கண நேரத்தில் முடிந்துவிடும், ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் கறை எடுக்கும் தின்னர் ஆவிக்கு அந்தப் பொறி போதும், பக்கத்தில் பஞ்சுத் தூசி கிடந்தால் தீ பரவிவிடும். அந்த வேலையைக் கட்டிங் மேசையில் செய்யவே கூடாது. ஜன்னல் பக்கம் தனி இடத்தில், எர்த் கொடுத்த இரும்பைத் தொட்டுவிட்டு டப்பாவைத் திறவுங்கள். கைமடிப் பிள்ளைகளுக்கும் இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். தின்னர் டப்பாவை எடுத்துவர அவர்களைத்தான் அனுப்புகிறோம்.