மருந்துக்கு அடங்காத காசநோயும் நம் கடமையும்



காசநோய் என்றதும், "அதான் ஆறு மாசம் மாத்திரை போட்டா சரியாயிடுமே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஆறு மாதமும் போட வேண்டும். என் சித்தப்பா 2022இல் இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டார். இருமல் நின்றது, உடம்பு தேறியது, லோடு இறக்கும் வேலைக்குப் போய்விட்டார். 2023இல் நோய் திரும்பியபோது பழைய மருந்து கேட்கவில்லை.

பாதியில் விட்டால் என்ன ஆகும்?

உடம்பில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு சில, ஏதாவது ஒரு மருந்துக்குச் சாகாதவையாக இருக்கும். அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விட்டுவிட்டுப் போட்டால், பிழைத்த கிருமிகள் பெருகிவிடும். முக்கிய மருந்துகளான ஐசோநயசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காததைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறோம். இது இருமல் வழியாக, ஒரு மாத்திரையும் தவறவிடாதவருக்கும் தொற்றலாம். ஆகவே நோயாளியைக் குற்றவாளிபோல் பார்ப்பது தவறு.

நான் செய்த தவறு

சித்தப்பாவுக்கு இம்முறை 18 மாத சிகிச்சை. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனவே மாத்திரை அட்டையைப் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஐந்தாம் மாதம் ஒரு நாள் பாய்க்கு அடியில் ஏழெட்டு மாத்திரைகள் கிடந்தன. கோபத்தில் கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. இரவு நானே போய், "மாத்திரை போட்டா என்ன பண்ணுது சித்தப்பா?" என்று கேட்டேன்.

"காலு ரெண்டும் எரியுது தம்பி. மொகமும் கருத்துப் போச்சு. டீக்கடையில தள்ளி உக்காரச் சொல்றாங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கால் எரிச்சலுக்கு லினிசோலிட்தான் காரணம் என்று அதன் அளவைக் குறைத்தார். கருமைக்குக் காரணம் குளோஃபசிமின். மருந்து முடிந்தபின் மெல்ல மாறும் என்றார். சித்தப்பா அதன்பின் ஒளிக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. "ஏன் போடலே?" என்று அதட்டாமல், "போட்டா என்ன செய்யுது?" என்று கேளுங்கள்.

2. பக்கவிளைவு இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. சுகாதாரப் பணியாளரைக் கேளுங்கள்.

3. கூலி போகும் என்று பயந்து மருந்து வாங்கப் போகாதவருக்குப் பதில் நாம் போய் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். வங்கிக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஓர் உதவியே.

4. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், இருமும்போது வாயை மூடட்டும். அது போதும் என்று மருத்துவர் சொன்னபின் ஒதுக்காதீர்கள்.

நம்பிக்கை உண்டு

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நெரிசலான வீட்டில், சத்துக் குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமாவதை உலகுக்குக் காட்டியது. பலருக்கு ஆறே மாதத்தில் முடியும் புதிய சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. 2024இல் இந்தியாவும் ஏற்றது. ஆனால் எந்த மருந்தும் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும்.

சித்தப்பா 18 மாதத்தையும் முடித்துவிட்டார். கடைசி மாத்திரையைப் போட்டுவிட்டு, காலி அட்டையை என்னிடம் தந்து, "நீயே வச்சுக்கடா" என்றார். அது என் டிராயிங் நோட்டுக்குள் இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் மாத்திரையை ஒளித்துக்கொண்டிருக்கலாம். போய்க் கேளுங்கள் நண்பர்களே!