உப்பா, புரதமா?

புக்கிட் பெருந்துங்,
உலு சிலாங்கூர்.

அன்புள்ள யாழினிக்கு,

மாமா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் உன் படங்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். துளியின் ஓரத்தில் படிகங்கள் கூர்கூராக, பளபளவென்று நிற்கின்றன. உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் சூப்பர்வைசரிடம் சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய். உன் புரதம் பாஸ்பேட் பஃபரில் இருப்பதாகச் சொன்ன ஞாபகம். அந்தத் துளி இருக்கும் தட்டுக் குழியில் என்ன கரைசல் இருக்கிறது என்று பட்டியலை எடுத்துப் பார். கால்சியம் குளோரைடு என்று இருந்தால், உன் அழகான படிகம் அநேகமாக வெறும் கால்சியம் பாஸ்பேட்தான். நான் எக்ஸ்-கதிர்க் கூடத்தில் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கண்கள் மின்ன ஓடிவந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் கொண்டுவந்தது உப்பு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. புரதம் இல்லாமல் அதே பஃபரை மட்டும் அதே கரைசலோடு கலந்து இன்னொரு துளி வை. அதிலும் படிகம் வந்தால் கதை முடிந்தது. இல்லையென்றால் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் ஒன்றைத் தொட்டுப் பார். உப்பு கடினமாக எதிர்த்து நிற்கும், அழுத்தினால் டிக்கென்று உடைவது விரலுக்கே தெரியும். புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். லேசாகத் தொட்டாலே பொடிந்துவிடும். கடைசியாக எக்ஸ்-கதிரில் வை. உப்பின் அலகு சிறியது, ஆகவே புள்ளிகள் எண்ணிக்கையில் குறைவாக, தூரத்தூர விழும். புரதத்தின் அலகு பெரியது, புள்ளிகள் நெருங்கி வரிசை வரிசையாக விழும். அடுத்த முறை புரதத்தை டிரிஸ் அல்லது ஹெபீஸ் பஃபருக்கு மாற்றிவிட்டே ஆரம்பி.

இனி உன் கேள்விகள். ஒன்று, இத்தனை தட்டு போட்டும் உருப்படியான படிகம் வராத வேலையை விட்டுவிடலாமா. இரண்டு, ஆல்ஃபாஃபோல்டு கணினியிலேயே உருவத்தைக் காட்டிவிட்ட பிறகு படிகம் எதற்கு.

நீ எடுத்திருப்பது கானோடெர்மாவின் லாக்கேஸ். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காளானை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே இந்நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டது நம் தென்னமரம் தோட்டத்தில்தான், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம். உன் தாத்தா குலை வெட்டிய காலத்திலேயே, அடிமரத்தில் காளான் தலைகாட்டினால் அந்த மரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். வெளியே தெரியும்போது உள்ளே அடித்தண்டு பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். மருந்து இன்றைக்கும் கிடையாது. மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் கூட்டத்தில் உன் லாக்கேஸும் ஒரு கை. அதைத் தடுக்கும் மூலக்கூறு எங்கே போய் உட்காரும் என்று காட்ட முடிந்தால் அது வீண் வேலை இல்லை.

ஆனால் நீ வேலை செய்யும் விதத்தில் எனக்கு ஒரு சண்டை உண்டு. கரைசல்களை மாற்றிக்கொண்டே போகிறாய். 96 குழி, மறுபடி 96 குழி. புரதத்தையல்லவா முதலில் பார்க்க வேண்டும்? காளான் வெளியே சுரக்கும் நொதிகளின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், மூலக்கூறுக்கு மூலக்கூறு நீளம் மாறும். அளவு அளவாய் வேறுபட்ட செங்கல்லை வைத்துக்கொண்டு சுவர் எழுப்ப முடியாது. உன் ஜெல்லில் பட்டை பரவலாக, மங்கலாகத் தெரிகிறதா? அப்படியென்றால் எண்டோ எச் நொதியைப் போட்டுச் சங்கிலிகளை வெட்டிவிட்டு மறுபடி ஜெல் ஓட்டு. பட்டை கீழே இறங்கிக் கூர்மையானால், அந்தப் புரதத்தை வைத்துத் தட்டு போடு. தட்டுகளை மேசைமேல் வைக்காதே. பெருநாள் விடுமுறையில் கட்டடத்துக் குளிர்சாதனத்தை அணைத்துவிடுவார்கள் என்று நீயே சொன்னாய். 20 டிகிரியில் நிற்கும் இன்குபேட்டரில் ஓர் அடுக்குக் கேட்டு வாங்கு. கெஞ்சியாவது வாங்கு.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு நேரே வராமல் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கோ. நா. ராமச்சந்திரன். ராமச்சந்திரன் வரைபடம் என்று நீ பாடத்தில் படித்திருப்பாய், இன்றும் மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் வந்து நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் மின்பொறியியல் படிக்கப் போனவரைச் சர் சி. வி. ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1952இல், முப்பதை ஒட்டிய வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். புதுத் துறை, குறைந்த வசதி. சென்னைக்கு வந்த பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலிலும் தசைநாணிலும் இருக்கிற புரதம். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரம். அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை எக்ஸ்-கதிரில் வைத்துப் படமெடுத்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்று 1954இல் நேச்சர் இதழில் வெளியிட்டு, அடுத்த ஆண்டே அந்த இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தி எழுதினார்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு வந்தது. எழுதியவர்கள் ரிச்சும் கிரிக்கும். கிரிக் என்றால் டிஎன்ஏ கிரிக்கேதான். மூன்று இழை சரி, ஆனால் உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன, மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வராது, ஒன்றுதான் வரும் என்றார்கள். ஆள் யார் என்று பார். அந்தப் பெயரைக் கண்டதுமே நம்மில் பலர் மூட்டை கட்டியிருப்போம், அல்லது கோபத்தில் ஒரு மறுப்புக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

ராமச்சந்திரன் கேட்டது வேறு. அளவுக்கு மீறிய நெருக்கம் என்கிறார்களே, அந்த அளவுதான் என்ன? அதை யார் அளந்தார்கள்? அதுவரை வெளியான அமினோ அமிலங்கள், சின்னச் சின்னப் பெப்டைடுகளின் படிக அமைப்புகளையெல்லாம் தேடியெடுத்து, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம் வரை நெருங்குகிறது என்று அட்டவணை போட்டார்கள். இரண்டு கரி அணுக்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப்போனால் 3.0. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும். பிறகு சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் அவரும் புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியை எடுத்துக்கொண்டு, ஃபை, சை என்ற இரண்டு கோணங்களையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எதை முட்டுகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். மேசைக் கணக்குப் பொறியைத் தட்டித்தட்டிப் போட்ட கணக்கு அது. 1963இல் கட்டுரை வந்தது. அந்த வரைபடத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, புரதம் போக முடியாத இடம். பக்கக் கிளை இல்லாத கிளைசின் மட்டும் விலக்கு.

அந்தக் காலத்தில் அணு அணுவாகத் தெரிந்த புரதம் என்று பார்த்தால் மயோகுளோபினைத் தவிரச் சொல்லும்படி எதுவுமில்லை. புரதங்களையே பார்க்காமல், சின்ன மூலக்கூறுகளை வைத்து, இனி வரப்போகும் எல்லாப் புரதங்களுக்கும் எல்லை போட்டார்கள். இன்று புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேல் அமைப்புகள் இருக்கின்றன. புதிதாக எது போனாலும் இந்த எல்லையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கொலாஜன் வழக்கில் யார் ஜெயித்தது என்று கேட்பாய். 1994இல் ஹெலன் பெர்மனும் கூட்டாளிகளும் கொலாஜன் மாதிரிப் பெப்டைடு ஒன்றைப் படிகமாக்கிப் பார்த்தார்கள். முறுக்கிய மூன்று இழை அப்படியே நின்றது. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். அந்த ஒரு விஷயத்தில் கேம்பிரிட்ஜ் சொன்னது சரி. ஆனால் ஆய்வுக்கூடங்களில் தினம் தினம் யார் பெயரைச் சொல்கிறார்கள்?

உன் ஆல்ஃபாஃபோல்டு கேள்விக்கும் இதிலிருந்தே வருகிறேன். அந்த நிரலை நான் மட்டமாகப் பேசமாட்டேன். 2024இல் ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் நோபல் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் காலத்தில் புள்ளிகள் கிடைத்த பிறகும் கட்டக் கோணம் தெரியாமல் வருஷக்கணக்கில் முழிப்போம். பாதரசத்தையும் பிளாட்டினத்தையும் படிகத்துக்குள் ஊறவைத்து என்னென்ன பாடு! இன்று கணினி தரும் உருவத்தை ஆரம்ப மாதிரியாக வைத்தால் பலமுறை ஒரு மாலையில் முடிகிறது. ஆக, உன் படிகத்துக்கு அது வேலைக்காரன். ஆனால் லாக்கேஸின் உயிரே நான்கு செப்பு அணுக்களில் இருக்கிறது. நீ காட்டிய உருவத்தில் அவை எங்கே? உன் தடுப்பான் அவற்றின் பக்கத்தில் எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்று மரத்தைக் காப்பாற்ற நினைக்கிறவன் கேட்டால், ஊகத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

அழகான உருவம் ஆளை ஏமாற்றும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங் என்றொருவர், கெட்டிக்காரர். செல் சவ்வில் இருக்கும் எம்எஸ்பிஏ என்ற புரதத்தின் அமைப்பை 2001இல் வெளியிட்டார். அதே வழியில் இன்னும் சில. எல்லாம் பெரிய இதழ்கள். அவற்றோடு ஒத்துப்போகாத முடிவுகளைச் சொன்னவர்களுக்குத் தங்கள் மேலேயே சந்தேகம் வந்தது. 2006இல் சுவிட்சர்லாந்திலிருந்து டாசனும் லாக்கரும் உறவுக்காரப் புரதம் ஒன்றின் அமைப்பை இன்னும் தெளிவான தரவோடு வெளியிட்டபோது, இரண்டும் துளியும் பொருந்தவில்லை. சாங் திரும்பிப் போய்த் தேடினார். தரவைச் சீர்செய்ய அவருடைய கூடத்திலேயே வைத்திருந்த ஒரு நிரல் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் போட்டிருந்தது. அவ்வளவுதான். வலம் இடமாகி, முழு அமைப்பும் தலைகீழ். ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார். பூசி மெழுகாமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் மங்கலான தரவில், எந்த உருவத்தையும் மறுக்கும் பலம் இல்லாத தரவில், அத்தனை நம்பிக்கையோடு கட்டியிருக்கக் கூடாது.

அதனால்தான் உன்னிடம் ஊசியை எடு, புரதமில்லாத் துளியை வை என்கிறேன். நீ படிக்க வேண்டிய தொழில் அது. படிகம் வரவைப்பதில் பாதி அதிர்ஷ்டம், ‘பெருந்துங்’ என்று நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற சமாசாரம்.

இனிக் காசு விஷயம். உன் அம்மா கேட்கத் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் புரதப் படிகவியலை மட்டும் நம்பி உட்கார்ந்தால் நாற்காலிகள் குறைவு. சின்க்ரோட்ரான் கிடையாது. நல்ல படிகம் வந்தால் திரவ நைட்ரஜன் குளிரில் பெட்டியில் அடைத்துத் தைவானுக்கோ மெல்பர்னுக்கோ தாய்லாந்தின் நாக்கோன் ராச்சசீமாவுக்கோ அனுப்ப வேண்டும், அதற்கும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். சின்ன மூலக்கூறுப் படிகவியல் வேறு கதை. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் அது நன்றாகவே நடந்திருக்கிறது, யாரும் மாலை போடாவிட்டாலும். ராமச்சந்திரனின் அட்டவணையே அப்படிப்பட்ட சின்ன அமைப்புகளில் நின்றதுதான். ஒரே மருந்து இரண்டு படிக வடிவில் வந்தால் கரையும் வேகம் மாறும், மருந்துக் கம்பெனிக்கு அதைப் பார்க்க ஆள் வேண்டும். செம்பனை எண்ணெயிலிருந்து மார்ஜரின் செய்கிறவனுக்குக் கொழுப்பு எந்த வடிவில் உறைகிறது என்பது பிழைப்பு. பீட்டா-பிரைம் என்றால் வழவழப்பு, பீட்டாவானால் நாக்கில் மணல். அதைப் பிரித்துக் காட்டுவதும் எக்ஸ்-கதிர்தான். பாங்கியில் செம்பனை வாரியம் இருக்கிறது, உன் கானோடெர்மாவும் அவர்கள் தலைவலிதான்.

ஆகவே முதுகலையை முடி. பிஎச்டிக்கு இப்போதே கையெழுத்துப் போடாதே. உன் அப்பா வெங்கி ராமகிருஷ்ணனைச் சொல்லிக்கொண்டே இருப்பார், சிதம்பரத்துப் பிள்ளை நோபல் வாங்கியது என்று. எனக்குப் பிடித்தது, இயற்பியலில் பிஎச்டி வாங்கிய பிறகு அவர் சான் டியேகோவில் மறுபடி மாணவனாகப் போய் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்தது. உனக்கு இன்னும் அந்த அளவு துணிவு தேவைப்படவில்லை. ஆறு மாதம் புரதத்தைச் சுத்தம் செய்வதை மட்டும் ஒழுங்காகப் படி. எந்த நாட்டிலும் எந்தக் கூடத்திலும் அதற்குச் சோறு உண்டு.

உன் குறிப்பேட்டில் படிகம் வந்த குழிகள் மட்டும் இருப்பதைப் போன தடவை கவனித்தேன். தெளிந்து நின்றவை, கலங்கியவை, தோல் படிந்தவை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுது. தெளிந்தவை பாதிக்கு மேல் இருந்தால் புரதம் நீர்த்திருக்கிறது, கலங்கியவை மிகுந்தால் செறிவு கூடிவிட்டது. அந்தப் பட்டியலையும் எண்டோ எச்சுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஜெல் படத்தையும் எனக்கு அனுப்பு. சனிக்கிழமை கொமுத்தர் ரயிலில் ராசாவரை வா, நான் காரோடு நிற்கிறேன். மடிக்கணினியை மறக்காதே.

அன்புடன்,
மாமா