சிறிய கேமிங் கீபோர்ட்: கொள்வனவுக்கு முன் ஐந்து சோதனைகள்

கணினிப் பொருட்கள் விற்கும் வியாபாரிகளிடம் இளைஞர்கள் கேட்டு வரும் பொருட்களில் ஒன்று 'மெக்கானிக்கல்' வகையைச் சேர்ந்த சிறிய கேமிங் கீபோர்ட். பெட்டியின் அழகையும் மின்னும் விளக்குகளையும் நம்பி மொத்தமாக வாங்கினால், முதல் தட்டிலேயே முடங்கிவிடலாம். முதலில் ஒரேயொரு மாதிரியை எடுத்துச் சோதியுங்கள்.

1. விசைகள் எத்தனை? வழமையான கீபோர்டில் 104 விசைகள் உண்டு. வலப்பக்க இலக்கப் பகுதி இல்லாததில் 87. மிகச் சிறியதில் 61. இந்த 61இல் எஃப் வரிசையும் அம்புக்குறிகளும் தனியாக இருக்காது. விளையாடுபவருக்கு மவுஸ் நகர்த்த இடம் கிடைப்பதால் இது இலாபம். பற்றுச்சீட்டு போடுபவருக்கோ நட்டம். 'டாலி' மென்பொருளில் விற்பனையைப் பதிய எஃப் 8, கொள்வனவுக்கு எஃப் 9 தேவை. இவற்றை ஒவ்வொரு முறையும் இரு விசைகளை அழுத்தியே பெற வேண்டிவரும்.

2. சுவிட்ச் எந்த நிறம்? ஒவ்வொரு விசையின் கீழும் தனித்தனி ஸ்பிரிங் சுவிட்ச் உண்டு. ஜேர்மனியின் 'செரி' நிறுவனம் வகுத்த நிறங்களையே பலரும் பின்பற்றுகின்றனர். சிவப்பு தடையின்றி இறங்கும். பழுப்பில் இடையே சிறு தடை தெரியும். நீலம் 'கிளிக்' என ஒலிக்கும். பலர் அமர்ந்து வேலை செய்யும் அறைக்கு நீலம் பொருந்தாது.

3. சேர்த்து அழுத்தினால்? இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் அழுத்தியபடி ஆங்கில எழுத்துகள் 26ஐயும் தட்டுங்கள். ஏதாவது விடுபட்டால், பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தும் விளையாட்டிலும் அது கைவிடக்கூடும்.

4. கழற்றி மாற்றலாமா? பழுதான சுவிட்சைப் பிடுங்கி வேறொன்றைப் பொருத்த முடிந்தால் திருத்தம் சில நிமிட வேலை. ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தால் திருத்துநரிடம் கொடுக்க வேண்டும்.

5. மேல்மூடி எதனால் ஆனது? ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாவனையில் விரைவில் மினுமினுத்துவிடும். பி.பி.டி. கூடிய காலம் தாங்கும். ஸ்பேஸ் விசையின் இரு முனைகளையும் அழுத்தி, ஆட்டமோ சலசலப்போ உண்டா என்றும் பாருங்கள்.

மாதிரி தேறிய பின், உத்தரவாதத்தைப் பொறுப்பேற்பவர் யார் என்பதை மொத்த வியாபாரியிடம் எழுத்தில் பெறுங்கள். வாடிக்கையாளர் பணம் கொடுக்குமுன், எந்த விசைகள் இல்லை என்பதை நீங்களே காட்டிவிடுங்கள். ஒரு விற்பனை தவறினாலும் பொருள் திரும்பி வராது; வாடிக்கையாளர் திரும்பி வருவார்.